அத்தைக்குக் கிடைத்த ஐந்தாம் வார்த்தை!

"ஏட்டி, எனக்கு ஐஞ்சாம் வார்த்தையக் குடுத்திருக்காவ. நான் என்னத்தப் பேச?"

ராத்திரி பத்து மணிக்கு ஊரிலிருந்து அத்தை போன் செய்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் மனசு பதறும். நல்லவேளை, இது வேறு விஷயம். பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அத்தைக்கு 64 வயது. உடன்குடிப் பக்கம், தேரி மணலை ஒட்டிய ஒரு சின்ன ஊர். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவர். ஆனால், ஆலயத்தில் பெரியவர்கள் முன்னால் நின்று மைக்கில் பேசியதே இல்லை.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இயேசு சிலுவையில் தொங்கியபோது ஏழு முறை பேசினார் என்பது நற்செய்தி நூல்களைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் கணக்கு. மன்னிப்பு, பக்கத்துச் சிலுவையில் இருந்த கள்வனுக்குத் தந்த உறுதி, தாயைச் சீடனிடம் ஒப்படைத்தது, கைவிடப்பட்ட வேதனை, தாகம், வேலை முடிந்த நிறைவு, உயிரைத் தந்தையிடம் ஒப்புவித்தது... இந்த ஏழும்தான் 'ஏழு வார்த்தைகள்'. பெரிய வெள்ளியன்று மதியம் 12 மணி முதல் 3 மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனையில், ஒவ்வொரு வார்த்தையையும் ஒருவர் எடுத்துப் பிரசங்கம் செய்வார்.

இதில் ஓர் அழகு உண்டு. வருஷம் முழுக்கப் பிரசங்கபீடம் குருவானவருக்கும் உபதேசியாருக்கும் சொந்தம். இந்த ஒரு நாள் மட்டும் பல ஊர்களில் பள்ளி ஆசிரியர், தபால்காரர், கல்லூரி மாணவி, கடைக்காரர் என்று சபையில் இருப்பவர்களே பேசுவார்கள். எங்கள் ஊரில் ஏழில் ஒன்றோ இரண்டோ பெண்களுக்குக் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் மூன்றாம் வார்த்தை. தாயைப் பற்றியது பாருங்கள், அதனால்.

இந்த வருஷம் ஐந்தாம் வார்த்தையைப் பேச வேண்டிய ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மகள் பிரசவத்துக்காகப் பெங்களூரு போய்விட்டார். அந்த இடம்தான் அத்தைக்கு வந்தது.

நாலு பக்க பி.டி.எஃப்.

"கவலப்படாதீங்க அத்தை" என்று நான் உடனே இணையத்தில் தேடினேன். ஐந்தாம் வார்த்தைக்கு மட்டும் பத்துப் பதினைந்து பிரசங்கங்கள் கிடைத்தன. நன்றாக இருந்த ஒன்றை நாலு பக்க பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று உட்தலைப்புகள், நடுவில் ஒரு வெளிநாட்டுக் கதை. பக்காவாக இருந்தது.

மறுநாள் காலையில் பதில் வந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்காவ. ஆனா, இது யாருக்கு எழுதுனது? நம்ம ஊருக்கு இல்லியே."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அப்புறம் யோசித்தபோது, அத்தை சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது என்று புரிந்தது.

ஒரு குருவானவர் வருஷத்துக்கு 52 ஞாயிறு பேச வேண்டும். அது போக பண்டிகை, கல்யாணம், அடக்கம், வீட்டுக் கூட்டம். எடுத்துக்கொள்ளும் வேதப்பகுதிகளோ இரண்டாயிரம் வருஷமாக எல்லோருக்கும் தெரிந்தவை. கதையின் முடிவு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியிருந்தும் சிலர் பேசினால் நிமிர்ந்து உட்காருகிறோம். சிலர் பேசினால் மின்விசிறியின் இறக்கையை எண்ணுகிறோம். ராகம் ஒன்றுதான். ஆலாபனை பாடுகிறவரைப் பொறுத்தது. பிரசங்கத்தைக் கலை என்று சொல்வது அதனால்தான். அதன் மூலப்பொருள் வேதத்தில் மட்டும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் வாழ்க்கையிலும் இருக்கிறது.

இயேசுவே அப்படித்தான் பேசினார். வயலில் விதைக்கிறவன், மாவில் புளித்த மாவைக் கலந்து வைக்கும் பெண், தொலைந்த ஒற்றைக் காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடுகிறவள், வலையை இழுத்து மீனைத் தரம் பிரிக்கிறவர்கள். கேட்டவர்கள் அன்று காலையில் செய்துவிட்டு வந்த வேலைகள்தான் அவருடைய பிரசங்கத்தில் இருந்தன.

சலிப்பில்லாமல் ஏழு முறை

மும்மணி ஆராதனை எங்கே தொடங்கியது தெரியுமா? தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் லிமா நகரத்தில். அங்கே 1687-ல் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிந்திய காலத்தில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு இந்த ஆராதனையை ஏற்படுத்தினார் என்று சொல்வார்கள். அங்கிருந்து ஸ்பெயின், பிற நாடுகள், பிற சபைகள் என்று பரவி, நம் தேரிக்காடு வரைக்கும் வந்துவிட்டது.

இதில் இன்னொரு சுவாரசியமான கிளைக்கதையும் உண்டு. ஸ்பெயினின் காதிஸ் நகரத்தில் இந்த ஆராதனைக்கு இசையமைத்துத் தரும்படி, ஆஸ்திரிய இசை மேதை ஜோசப் ஹைடனிடம் 1780-களில் கேட்டார்கள். குரு ஒரு வார்த்தையைச் சொல்லி விளக்கிவிட்டு இறங்கி வந்து மண்டியிடுவார். அந்த இடைவெளியை இசை நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம், ஏழும் மெதுவான நடையில். கேட்கிறவர்களைச் சலிப்படைய வைக்காமல் அடுத்தடுத்து ஏழு மெதுவான பகுதிகளை அமைப்பது சுலபமான வேலையாக இல்லை என்று ஹைடனே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அவ்வளவு பெரிய மேதைக்கே அந்தப் பயம் இருந்தது என்று சொன்னதும் அத்தைக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அவருக்கு ஏழு. எனக்கு ஒண்ணுதானே?" என்றார்.

மணலில் எழுதிப் பழகியவர்

அத்தை அடுத்துப் போய் நின்றது, ஊரில் ஓய்வாக இருக்கும் வயதான குருவானவரிடம். எங்கள் பக்கம் குருவானவரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். இந்த ஐயர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவர். அங்கே 'பரட்டை அண்ணன்' என்று எல்லோரும் பிரியமாக அழைத்த தியோபிலஸ் அப்பாவுவின் மாணவர்.

2005-ல் மறைந்த பரட்டை அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராதனை என்றால் மேல்நாட்டு மெட்டிலோ கர்நாடக ராகத்திலோதான் இருக்க வேண்டும் என்ற பழக்கத்தை மாற்றி, நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் ஒரு முழு வழிபாட்டையே அமைத்தவர். எல்லோரும் ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதைத் தன் இறையியலின் மையத்தில் வைத்தவர். சாதியால் பிரிந்து கிடக்கும் ஊரில், ஒரே உலை என்று சொல்வதே ஒரு பிரசங்கம்தான்.

ஐயர் வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் பாடம் நடந்திருக்கிறது. அன்று ராத்திரி அத்தை எனக்கு அதை அப்படியே ஒப்பித்தார்.

முதல் பாடம், தரங்கம்பாடி. 1706 ஜூலை 9-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு அங்கே கப்பலில் வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது. தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். தமிழ் நூல்களைத் தேடிச் சேகரித்துப் பட்டியல் போட்டார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தமிழில் அச்சாகி முடிந்தது. 36 வயதில் இறந்துபோனார். பேச வந்தவர் முதலில் பிள்ளைகளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார் என்பதுதான் ஐயர் சொல்ல வந்தது.

இரண்டாவது பாடம், நம் திருநெல்வேலிக்காரர். 1774-ல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். பன்னிரண்டு வயதுவாக்கில் மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். அங்கே பிற்காலத்து மன்னர் இரண்டாம் சரபோஜியோடு படித்தார். அந்தக் காலத்துச் சனங்களுக்குக் குறவஞ்சி என்றால் உயிர். குறத்தி வருவாள், மலைவளம் சொல்வாள், குறி சொல்வாள். சாஸ்திரியார் அந்த வடிவத்தையே எடுத்து 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார். குறி சொல்ல வரும் குறத்தியை விசுவாசத்தின் உருவமாக்கினார். கதை, பாட்டு, பேச்சு எல்லாம் கலந்து, ஊர் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்கும் காலட்சேபமாகப் பிரசங்கம் மாறியது.

"ஆனா, ஒண்ணு கேட்டியா?" என்றார் அத்தை. "ஐயர் அதோட விடல. அந்தச் சாஸ்திரியாரே, சபைக்குள்ள சாதி வேத்தும இருந்துட்டுப் போகட்டும்னு வாதாடி எழுதியிருக்காராம். எவ்வளவு பெரிய கலை கையில இருந்தாலும், நமக்குக் கண்ணு தெரியாத ஒரு இடம் இருக்கும். அங்கதான் பிரசங்கம் பண்ணணும், முதல்ல நமக்குன்னு சொன்னாரு."

அந்தக் கடைசி வாக்கியம் அத்தைக்குள் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

காடி

ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. கிரேக்க மூலத்தில் அது ஒரே ஒரு சொல். அதைக் கேட்டதும் அங்கிருந்தவர்கள் கடற்காளானைக் காடியில் தோய்த்து, ஒரு தண்டில் மாட்டி அவர் வாயருகே நீட்டினார்கள் என்று யோவான் நற்செய்தியில் வருகிறது.

அத்தை பிடித்தது அந்தக் 'காடி'யை. எங்கள் ஊரில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் புளித்த கழனித் தண்ணீர். சின்ன வயசில் இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம், 'குடிக்கத் தண்ணி கேட்டவருக்கு மாட்டுத் தண்ணியக் குடுத்துட்டாவளே' என்று அழுவாராம். அதையே பிரசங்கமாக்கலாம் என்று நினைத்திருந்தார்.

ஐயர் திருத்தினார். அங்கே காடி என்பது புளித்த திராட்சை ரசம். அதில் தண்ணீர் கலந்தால் ரோமாபுரிச் சாதாரணச் சிப்பாய்கள் தினமும் குடிக்கும் பானம். அந்தப் பாத்திரம் பெரும்பாலும் காவலுக்கு நின்ற சிப்பாய்கள் தங்களுக்காக வைத்திருந்ததாகத்தான் இருக்கும்.

அத்தை அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் எனக்குப் போன் செய்தபோது குரலே வேறு மாதிரி இருந்தது.

"அப்போ, அந்தச் சிப்பாய் தான் குடிக்கதுல இருந்துல்லா எடுத்துக் குடுத்திருக்கான். ஆணி அடிச்சவன் அவன். அவன்கிட்ட இருந்த குணம்கூட நம்ம வீட்டுல இல்லியே."

"என்ன அத்தை சொல்றீங்க?"

"தம்ளரு."

பின்வாசல் தம்ளர்

எங்கள் தாத்தா வீட்டில் கொஞ்சம் பனை இருந்தது. பதநீர் காய்ச்சும் காலத்தில் தெற்குத் தெருவிலிருந்து விறகு சுமக்க, விடிலியில் அடுப்பெரிக்கப் பெண்கள் வருவார்கள். அவர்களும் இதே சபைதான். ஞாயிற்றுக்கிழமை இதே ஆலயத்தில் பின்னால் உட்காருவார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்து தண்ணீர் கேட்டால், அவர்களுக்கென்று பின்வாசல் இறவாணத்தில் ஒரு தம்ளர் சொருகியிருக்கும். அதை எடுத்து, தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படி ஊற்றுவது பெரும்பாலும் எட்டு வயதுப் பிள்ளையான அத்தையின் வேலை.

இதைத்தான் அத்தை பேச நினைத்தார். அதுவும் பெரிய வெள்ளியன்று, முழுச் சபைக்கும் முன்னால்.

வீட்டில் பூகம்பம் வெடித்தது. என் அப்பா அத்தைக்குத் தம்பி. "செத்துப்போன அம்மாவக் கோயில்ல வச்சு அசிங்கப்படுத்தணுமாக்கா? எந்த வீட்டுலதான் அந்தக் காலத்துல இல்ல? இப்ப யாரு அதெல்லாம் பாக்கா?" என்று கத்தினார். சேகரக் கமிட்டியில் இருக்கும் சித்தப்பா, "நல்ல நாளும் அதுவுமா பழசக் கிளறாதீங்க, மயினி. தாகம்னா ஆத்தும தாகம்னு பேசி முடிச்சிருங்க" என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அத்தையைத் தடுக்கத்தான் பார்த்தேன். எட்டு நிமிடப் பேச்சுக்காகக் காலம் பூராவும் தம்பி பேசாமல் போய்விட்டால்?

அத்தை ஒரே பதில்தான் சொன்னார். "நான் அம்மாவப் பத்திப் பேசப் போறதில்ல தம்பி. ஊத்துனது என் கை."

தாளை ஒதுக்கி வைத்தவர்

வியாழக்கிழமை ராத்திரி நான் ஊரில் இருந்தேன். அத்தை, பால்வாடிக் காலத்துக் கோடு போட்ட நோட்டில் எழுதியிருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார். பாதியில் குரல் நடுங்கியது. "எழுத்து தெரியாமப் போயிட்டா என்ன செய்ய?" என்றார்.

அப்போதுதான் அவருக்கு மார்ட்டின் லூதர் கிங் கதையைச் சொன்னேன். 1963 ஆகஸ்ட் 28. வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் சுமார் இரண்டரை லட்சம் பேர். கிங் தொழிலால் ஒரு பாப்டிஸ்ட் போதகர். கறுப்பின மக்களின் ஆலயங்களில் பிரசங்கம் என்பது ஒருவர் பேச மற்றவர் கேட்பது இல்லை. கேட்பவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போதகர் அடுத்த படி ஏறுவார். அன்று கிங் எழுதிக் கொண்டுவந்த தாளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். முடிவை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். பாடகி மஹாலியா ஜாக்சன். அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கிங் தாளை விட்டுவிட்டு, எழுதாததைப் பேசத் தொடங்கினார். இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பகுதியைத்தான்.

"எழுதாமலே வந்துட்டா?" என்று அத்தை ஆச்சரியப்பட்டார்.

"திடீர்னு வரலை அத்தை. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே டெட்ராய்ட்ல அந்தக் கனவைப் பத்திப் பேசியிருக்கார். உள்ள ஊறியிருந்தது. வெளிய இழுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது."

அத்தை நோட்டை மூடிப் பைபிளுக்குள் வைத்தார். "எனக்கு உள்ள 56 வருசமா ஊறிக் கிடக்கு" என்றார்.

எட்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். வெள்ளைச் சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாக ஆலயம் நிரம்பியிருந்தது. நாலு வார்த்தைகள் முடிந்து, கீர்த்தனை பாடி, மணி ஒன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. பாதிப் பேருக்குக் கண் சொருகும் நேரம். பலர் உபவாசம் வேறு.

அத்தை போய் நின்றார். மைக் உயரமாக இருந்தது. உபதேசியார் வந்து இறக்கிவிட்டார்.

"எல்லாருக்கும் இப்போ நாக்கு வறண்டு போயிருக்கும்" என்று ஆரம்பித்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் நிமிர்ந்தார்கள். "நம்ம ஊருக்குத் தாகத்தப் பத்தி யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். கிணத்துல உப்பு ஏறுன ஊரு. குடம் தண்ணி விலைக்கு வாங்குன ஊரு."

பிறகு காடியைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் தப்பாகப் புரிந்துகொண்டு அழுததைச் சொன்னார். சிப்பாயின் பாத்திரத்தைச் சொன்னார். "அவரு உசரத்துல இருந்தாரு. எட்டாது. அதனால தண்டுல மாட்டி நீட்டுனான். அவன் தள்ளி நின்னதுக்குக் காரணம் இருக்கு" என்று நிறுத்தினார்.

"எங்க வீட்டுல நான் தள்ளி நின்னு ஊத்துனேன். அதுக்கு என்ன காரணம்? எனக்கு எட்டு வயசு. தண்ணி கேட்டவியளுக்கு இருபத்தஞ்சு. நான் அவியளப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவேன். பின்வாசல் இறவாணத்துல ஒரு பித்தளைத் தம்ளரு. அத எடுத்துக் கீழ வைப்பேன். அவிய எடுத்துப் பிடிப்பாவ. நான் மேல இருந்து ஊத்துவேன். ஞாயித்துக்கிழம இதே கோயில்ல அவியளும் நானும் ஒரே ஜெபத்தச் சொல்லுவோம். சிலுவையில தொங்குனவரு தண்ணி கேட்டப்போ, குத்தி நிறுத்துனவன்கூடத் தன் பாத்திரத்துல இருந்து குடுத்தான். நான் குடுக்கல."

ஆலயத்தில் சத்தமே இல்லை. அப்பா தலையைக் குனிந்திருந்தார். நோட்டு பைபிளுக்குள்ளேயே இருந்தது.

"இத நான் ஏன் இப்ப சொல்லுதேன்னா, அவியள்ல ரெண்டு மூணு பேரு இன்னும் இருக்காவ. நானும் இருக்கேன். யாராவது ஒருத்தர் இல்லாமப் போனபொறவு சொல்லி என்ன? அவ்வளவுதான்." ஆமென் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

மூன்று தலைப்பு இல்லை. வெளிநாட்டுக் கதை இல்லை. கடைசியில் உரத்த குரலில் அறைகூவல் இல்லை. மணியைப் பார்த்தேன், எட்டு நிமிடம்.

முடித்து வைத்தவர்

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தது. வாசலில் இரண்டு பேர் அத்தையைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனார்கள். ஒருவர், "கோயில்ல பேசுத பேச்சா இது?" என்று எங்கள் காதில் விழும்படி சொன்னார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வந்து, ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

கடைசியாக, தெற்குத் தெரு ஆச்சி ஒருவர் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். எண்பதைத் தாண்டிய வயது. அத்தை எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சரம்மா, அது பித்தள இல்ல" என்றார்.

அத்தைக்குப் புரியவில்லை.

"பித்தளத் தம்ளரு உங்க வீட்டு அடுக்களையில இருந்தது. எங்களுக்கு வச்சிருந்தது அலுமினியம். வாயில நெளிஞ்சிருக்கும். ஒரு பக்கம் உதட்டக் கிழிக்கும், அதனால திருப்பிப் பிடிச்சுக் குடிப்போம்."

அத்தை அழுதார். "மன்னிச்சிருங்கக்கா" என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த ஆச்சியை அக்கா என்று கூப்பிட்டதை நான் கேட்டேன்.

ஆச்சி அழவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "சரி, வெயிலு ஏறுது. வாரேன்" என்றார். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

நான் அதுவரை, ஒரு நல்ல பிரசங்கம் என்றால் பேசுபவர் செய்து முடித்துக் கையில் கொடுப்பது என்றே நினைத்திருந்தேன். இரண்டரை லட்சம் பேருக்கு நடுவே ஒரு பாடகி குரல் கொடுத்த கதையை அத்தைக்குச் சொன்னதே நான்தான். ஆனாலும், கேட்பவர்தான் பிரசங்கத்தை முடித்து வைக்கிறார் என்பது அந்த வாசற்படியில்தான் எனக்கு உறைத்தது. அத்தை எட்டு நிமிடம் பேசினார். அந்த உதட்டைக் கிழிக்கும் விளிம்பு, ஆச்சி சொல்லாமல் எங்களில் யாருக்கும் கிடைத்திருக்காது.

அப்பா இரண்டு வாரம் அத்தை வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வாரம் போய், திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, தம்ளர் விஷயம் எதுவும் பேசாமல் வந்ததாக அம்மா சொன்னார்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் அத்தை செய்த முதல் காரியம், பைபிளிலிருந்து அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்ததுதான். இனி யாரும் அதைப் பேசச் சொல்லப்போவதில்லை. ஆனாலும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'பித்தளை' என்று எழுதியிருந்த இடத்தைத் தேடிப்பிடித்து அடித்தார். மேலே 'அலுமினியம்' என்று பொறுமையாக எழுதினார்.